பாதிச் சிரட்டை

ஜப்பான்காரன் வந்த பிறகு சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் பிள்ளைகளுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் மரவள்ளிக் கஞ்சி ஊற்றும் பாப்பம்மாவுக்கு, யாராவது ஒரு வாய் மிச்சம் வைத்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வள்ளியோ தினமும் பாதியை மிச்சம் வைக்கிறாள். அதோடு, சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வேறு போகிறாள். இன்று பாப்பம்மா வாசலிலேயே மறித்தாள்.

"எங்கடி கொண்டுபோய்க் கொட்டுற? அதுக்கா நான் கை எரிய எரிய கிழங்கு தோலுரிக்கிறேன்? நேத்து கீரை புடிக்கலன்னு மூஞ்சியச் சுளிச்ச. இன்னிக்கு கீரைய மட்டும் வழிச்சுத் தின்னுட்டு கஞ்சிய வச்சிருக்க. நாளுக்கொரு நாக்கா உனக்கு?"

"கொட்டலக்கா. வீட்டுல தங்கச்சிக்கு."

பாப்பம்மாவின் கோபம் சட்டென்று இறங்கிவிட்டது.

"அடி பைத்தியம், இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? அவளையும் கூட்டிட்டு வந்து வாத்தியார்கிட்ட பேர் குடு. அவளுக்கும் ஒரு சிரட்டை ஊத்துறேன். நாளைக்கு ரெண்டு பேருமா வாங்க."

சிறுமி கோணிச் சாக்கில் தைத்த கவுனை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வர முடியாதுக்கா."

"ஏன், அவளுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"இல்லக்கா. நாங்க ரெட்டப் புள்ளைங்க, கவுன் ஒண்ணுதான் இருக்கு. நேத்து போட்டுக்கிட்டு வந்தவதான் வள்ளி. நான் தெய்வானை."