எண்ணிக்கைக்கு ஒருத்தி

'இடது பக்கம் விழுந்தால் போதும். பந்து வலது பக்கமாக உள்ளே போய்விடும். ஒருவருக்கும் தெரியாது.'

கோல் கம்பங்களுக்கு நடுவே நின்று கையுறையை இழுத்து மாட்டும்போது லீமா இப்படித்தான் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அப்படி நினைக்கவைத்தவன் பெனால்டி புள்ளியில் பந்தை வைக்கிற சாக்கில் எதிரே குனிந்திருந்தான்.

ஷிஜின். எதிரணித் தலைவன். இரண்டு வருடக் காதல். நாளைக்கு அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு அவள் ஊருக்கு வருகிறார்கள்.

"லீமா, இந்த ஒண்ண மட்டும் விட்டுரு பிள்ள" என்றான், உதடு அசையாமல்.

"கப்பு அவ்வளவு பெருசா உனக்கு?"

"எனக்கு வேண்டி கேக்கல்ல. நாளைக்கு உள்ள காரியம் நல்லபடியா நடக்கணும்லா. ஒரு பந்துல என்ன வந்துரப் போவுது?"

"எனக்க டீம்ல ஆறு பேரு ஓடி ஓடித் தளந்து நிக்குது. அதுககிட்ட நான் என்ன சொல்ல?"

"கால் தட்டிட்டுன்னு சொல்லு."

"ஏய் கேப்டன், கோல்கீப்பர்கிட்ட என்னலே ரகசியம்? தள்ளிப் போ!" என்று கத்தினார் செல்வன் சார்.

உடற்கல்வி ஆசிரியர் அவர். இன்றைக்கு நடுவர். பல்கலைக்கழகக் கலப்பு அணிப் போட்டிக்கு விதிகள் எழுதியவரும் அவரே. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அணிக்கு ஏழு பேர். அதில் மூன்று பெண்களாவது எந்நேரமும் மைதானத்தில் நிற்க வேண்டும்; ஒருத்தி குறைந்தாலும் ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். மாணவிகள் கிடைக்காவிட்டால் அலுவலகப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண் போட்டால் ஒரு கோல், பெண் போட்டால் இரண்டு. பெனால்டியைப் பெண்தான் அடிக்க வேண்டும், அதுவும் ஒருத்திக்கு ஒரு முறைதான்.

லீமாவின் அணி நாலு, ஷிஜினின் அணி மூன்று. கடைசி நிமிடம். இது உள்ளே போனால் ஷிஜினுக்கு ஐந்து, கப்பும் அவனுக்கு. அவன் அணியில் ரெஜிஷாவும் சுபிதாவும் ஏற்கெனவே ஒவ்வொரு பெனால்டி அடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது விக்டோரியா மேடம்.

தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறவர். வயது ஐம்பதைத் தொடும். மூன்றாவது பெண்ணுக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் எண்ணிக்கைக்காக அழைத்து வந்திருந்தார்கள். சுடிதாருக்கு மேலே தொளதொளவென்று ஒரு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்க ஒரே ஓரத்தில் நின்றார். பந்து பக்கத்தில் வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். இப்போது தயங்கித் தயங்கி நடந்து வந்தவரின் காலடியில் ஷிஜின் மண்டியிட்டு ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டான்.

"மேடம், அவ பந்தப் பிடிச்சா ஹால் டிக்கெட்ட நிறுத்தி வச்சிருங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது.

"ஏட்டி லீமா, கண்ண மூடிட்டு நின்னாலும் இதப் பிடிச்சிரலாம்!" என்றாள் அவள் அணியின் பெபிஷா, பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து. அவள் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் சாக்ஸ் வரை இறங்கியிருந்தது. மூன்று வருடமாக ஆடுகிறாள், ஒரு கப்பைத் தொட்டதில்லை.

லீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை.

சின்ன வயதில் கடற்கரையில் பையன்கள் அவளை ஆட்டத்தில் சேர்த்ததே கோலில் நிற்கத்தான். அவள் முதுகுக்குப் பின்னால் கடல். பந்தை விட்டால் அவள்தான் அலைக்குள் இறங்கி எடுத்து வர வேண்டும். நனைந்த பாவாடையோடு வீட்டுக்குப் போனால் அடி. அப்படித்தான் விடாமலிருக்கப் பழகினாள். தெரிந்தே ஒரு பந்தை விட்டதில்லை. இன்றைக்கு விட்டால், நாளைக்குக் காப்பித் தட்டோடு வந்து நிற்கிறவள் தானாக இருப்பாளா? விடாவிட்டால், அந்தக் காப்பியைக் குடிக்க யாராவது வருவார்களா?

விசில் ஒலித்தது.

மேடம் நாலடி ஓடி வந்தார். ஓட்டம் மெதுவாகத்தான் இருந்தது. அடி அப்படி இல்லை. பந்து வலது மூலைக்குப் பறந்தது.

லீமாவின் மனம் இன்னும் இடது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. உடம்பு அதைக் கேட்கவில்லை. மண்ணில் விழுந்து புரண்டு எழுந்தபோது பந்து அவள் நெஞ்சோடு இருந்தது.

பெபிஷா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். ஷிஜின் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். 'போச்சு' என்று நினைத்தாள் லீமா.

மேடம் மூச்சு வாங்க நேராக அவளிடம் வந்தார்.

"ஆளு குறையுதுன்னு இவன் கெஞ்சினதுக்கா நான் இறங்கினேன்னு நினச்சியா? ரெண்டு வருசமா ஆபீஸ் ஜன்னல் வழியா பாரம் நீட்டுற உனக்க கைய மட்டுந்தான் கண்டிருக்கேன். நாளைக்கு வந்தா தலையக் குனிஞ்சு காப்பி தருவ. நான் பெத்த மோன் கட்டப்போற பிள்ளய அதுக்கு முன்ன ஒரு தடவ முழுசாப் பாத்திரணும்னு தோணிச்சு."

ஜெர்சி நுனியால் முகத்தைத் துடைத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"செல்வன் சார் அங்கன திரும்பி நிக்காரு. இன்னொண்ணு அடிக்கேன். இப்பமாவது விடுவியா மோளே?"

லீமா பந்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"மாட்டேன், மாமி" என்றாள் மெல்ல.