பெஞ்சில் காலி இடம்

சேந்தமங்கலம் காப்பிக் கடையில் பண்ணையார் சென்னிமலை, தம் கடிதம் அச்சாகியிருக்கும் பத்திரிகையை உரக்க வாசிக்கிறார். சிலரை வெளியே நிறுத்திக் கொட்டாங்குச்சியில் காப்பி ஊற்றுவது அநியாயம் என்று எழுதியிருக்கிறார். எழுதும்போது பட்டணத்துக் கடைகள்தான் அவர் மனத்தில் இருந்தன. பெஞ்சில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். வாசலுக்கு வெளியே, வெயிலில், கொட்டாங்குச்சியை ஏந்தி நிற்கும் அவருடைய பண்ணையாள் சடையனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். "பண்ணாடி, அப்ப நானு உள்ளார வரலாமுங்களா?" தலைகள் அசையாமல் நிற்கின்றன. கடைக்காரர் பால் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே சென்னிமலையைப் பார்க்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து சீறுகிறது. சென்னிமலையின் பிடரியில் வியர்வை இறங்குகிறது. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகத்தான் இருக்கிறது. பத்திரிகையிலிருந்து சினிமாப் பக்கத்தை உருவி அந்த இடத்தில் அகல விரித்து வைத்துவிட்டு, "இந்த டாக்கிப் படம் வந்துதானுங்க ஊரே கெட்டுப்போச்சு" என்கிறார்.