இருக்கைக்குக் கீழே

மகள் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்ததும் லோடு வண்டிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு அவளை அள்ளிக்கொண்டு போய், வாசலில் நின்ற தன் சின்ன டீசல் வண்டியில் கிடத்தினார். சாவியைத் திருப்பினார். இருக்கைக்குக் கீழே இன்ஜின் வழக்கம்போலத் தடதடத்தது. நாலு துடிப்புக்கு ஒன்றை விழுங்கியது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு மெக்கானிக் போன் செய்தார்.

"அண்ணே, உங்க இன்ஜினைப் பிரிச்சு மேசையில பரப்பிட்டேன். பிஸ்டன் ரிங்கு சுத்தமா தேஞ்சுபோச்சு. உங்க வீட்டு வாசல்ல நிக்கிற வெறுங்கூட்டை எவனாச்சும் ஓட்டிட்டுப் போயிடப் போறான், பாத்துக்குங்க" என்று சிரித்தார்.

அப்போதுதான் வண்டிக்காரருக்கு உறைத்தது. பட்டறையில் இன்ஜினை இறக்கியபின், காலையில் வண்டியைக் கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்ததே அவர்தான். வெளியே ஓடி, வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, தரை தெரிந்தது.

நர்ஸ் வெளியே வந்தார். "பொண்ணு கண்ணு முழிச்சிட்டா. துடிப்புதான் ஒரு மாதிரியா இருக்கு."

உள்ளே ஓடி மகளின் நெஞ்சில் காது வைத்தார். தடதடத்தது. நாலுக்கு ஒன்றை விழுங்கியது.

"வாயெல்லாம் டீசல் வாடைப்பா" என்றாள் அவள்.

மறுபடி வண்டிக்கு ஓடினார். டீசல் அளவு காட்டும் முள் உடைந்து வெகுகாலம். டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதுதான் பழக்கம். விட்டு எடுத்தார். ஒரு விரல் ஈரம். நம்பாமல் மறுபடி விட்டார். அதற்குள் நகக்கண் அளவுக்கு இறங்கியிருந்தது.

கேனைத் தூக்கிக்கொண்டு, பங்க் எந்தப் பக்கம் என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் கதறியபடி ஓடினார்.