புதுக் கண்ணாடி

சட்டைப் பொத்தானைத் தானே போடுவேன் என்று நின்றான்.

மேல் பொத்தான் இரண்டாவது துளைக்குள் போனது. சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அவன் முகத்தில் அப்படியொரு வெற்றி.

அப்புறம் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா விட்டுவிட்டாள்.

வெளியே மூத்தவளை ஏற்றிக்கொண்டு பள்ளி வேன் பின்னால் நகர ஆரம்பித்தது. முட்டுச்சந்து. உள்ளே வந்த வண்டி திரும்ப இடமில்லை. மெயின் ரோடு வரை பின்னாலேயே போகவேண்டும்.

அக்காவிடம் சட்டையைக் காட்ட ஓடினான்.

மூன்று வயது.

*

அவனுக்குக் காரியம் முடிந்தது.

மூத்தவள் பள்ளிக்குப் போகவேண்டும். அதே வேனில் ஏற்றுவதா என்று பலரும் கேட்டார்கள்.

தெருக்காரர்கள் பள்ளியில் போய்ப் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலாளரே வேனோடு வந்தார். புது டிரைவர். டிரைவர் தலைக்கு மேலே நீளமான புதுக் கண்ணாடி. பின்னால் எடுத்தால் பாடும் ஹாரன். டிராபிக் போலீஸ்காரர் ஒருவரும் வந்து நின்றார்.

"இனிப் பின்னாடி எறும்பு ஊர்ந்தாலும் தெரியுமுங்க" என்றார் மேலாளர்.

"எறும்பு கிடக்கட்டும் சார். மொதல்ல என்ற பெருத்த உடம்பு தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க."

எதிர்வீட்டுத் துளசிமணி வேனுக்குப் பின்னால் போய் நின்றாள். தெரிந்தது. சிலர் சிரித்தார்கள்.

பையனின் அம்மா வாசலில் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

தினமும் ஒரு வீட்டுப் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொள்வதென்று பேசி முறை வைத்தார்கள். அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அவள் இறங்கி வந்தாள். கூட்டம் விலகியது.

வேனுக்குப் பின்னால் நின்றாள்.

"நல்லாத் தெரியறீங்கக்கா" என்று டிரைவர் குரல் கொடுத்தான்.

அவள் முட்டியை மடக்கிக் குனிந்தாள். இன்னும் கொஞ்சம். மகனின் தலையைத் துவட்டிவிட்ட கைகளுக்கு அந்த உயரம் தெரியும்.

அங்கிருந்து கண்ணாடி தெரியவில்லை. டிரைவர் தெரியவில்லை. முகத்துக்கு நேரே நம்பர் பிளேட் இருந்தது. அதில் காய்ந்த சேறு.

"இப்போ?"

டிரைவர் கண்ணாடியில் தேடினான்.

"தம்பி, இப்போ தெரியறனா?"

"இல்லீங்கக்கா."

இன்ஜினை அணைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

"அதுக்குத்தான ஹாரன் பாடுதுங்க" என்றார் மேலாளர். குரல் தணிந்திருந்தது.

"அந்தப் பாட்டக் கேட்டே ஓடியாருமுங்க கொழந்தைக" என்றாள் துளசிமணி.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் எழவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வண்டி உள்ள வரவேண்டாம். கொழந்தைகள நாம மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் உடலாம்."

*

மூன்று வருடமாக வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கிறது.

பிள்ளைகளைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறார்கள். பள்ளிக்குப் போகாத வாண்டுகள் பூட்டிய கேட்டுக்குள், ஒருத்தியின் கண்பார்வையில். மழை நாளில் முணுமுணுப்பு உண்டு. குடையும் உண்டு.

மூத்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறாள்.

துளசிமணியின் மகள் அந்தப் பையனோடு ஒரே மாதத்தில் பிறந்தவள். இந்த ஜூனில் அவளும் ஒன்றாம் வகுப்புக்கு வேன் ஏறினாள். முன்பல் விழுந்துவிட்டது. சீருடையை ஒரு விரற்கடை இறக்கித் தைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஏறிய பிறகு அவன் அம்மா வேனுக்குப் பின்னால் போகிறாள். குனிந்து பார்க்கிறாள். நிமிர்ந்து, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள்.

இன்றும் அதே அளவுதான் குனிந்தாள்.