வயதைச் சேர்க்காத ஆந்தை

மூளையைப் படமெடுக்கும் கருவி ஒன்று ஆந்தையிடம் இருந்தது. வயல் எலிகளையும் சாக்கடை எலிகளையும் அது படமெடுத்து ஒப்பிட்டது. "சாக்கடையில் வாழ்ந்தால் மூளை சுருங்கிவிடும்" என்று ஊரறிய அறிவித்தது.

சாக்கடைக் கிழட்டு எலி ஒன்றுக்கு ரத்தம் கொதித்தது. ஆந்தையின் பொந்து எலிகளுக்கு எமன் வாசல் என்பதுகூட மறந்து, நேரே உள்ளே போய் நின்றது.

"என்னய்யா ஆராய்ச்சி இது? எங்கள் இளசுகளெல்லாம் இரை தேடப் போயிருந்த நேரத்தில் வந்து, படுத்துக் கிடந்த கிழடுகளைப் படமெடுத்தீர். வயலில் மட்டும் துள்ளித் திரிகிற குஞ்சுகளாகப் பார்த்துப் பிடித்தீர். கிழட்டு மூளை சுருங்காமல் பின்னே பூரிக்குமா?"

"உடல் எடை, வால் நீளம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட்டேன்" என்றது ஆந்தை.

"வயதை?"

"முதலில் சேர்த்தேன். வித்தியாசமே காணாமல் போய்விட்டது. அதனால் வயதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன்."

"அடப்பாவி!"

எலி வெளியே ஓடியது. வயலிலேயே பிறந்து வயலிலேயே நரைத்த கிழ எலி ஒன்றை இழுத்து வந்து கருவிக்குள் தள்ளியது. "இப்போது எடும்!"

படம் வந்தது. வயல் கிழவரின் மூளையும் அதே அளவு சுருங்கியிருந்தது.

ஆந்தை படத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு கிழவரை ஏற இறங்கப் பார்த்துக் கண்டிப்பான குரலில் கேட்டது:

"உண்மையைச் சொல்லும். யாருக்கும் தெரியாமல் எத்தனை வருஷம் சாக்கடையில் இருந்தீர்?"