கிழக்கு பார்த்த வளையங்கள்

முற்றத்தில் பிரித்துப் போட்டிருந்த எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, "பிள்ளையாரப்பா, வண்டி நல்லபடியா ஓடணும்" என்று மாமியார் காதில் விழும்படி வேண்டிக்கொண்டாள் ஜயலக்ஷ்மி. மனசுக்குள் வேண்டிக்கொண்டது வேறு. இந்தச் சனியன் ஒரு முழம்கூட நகரக்கூடாது.

காரணம் இருந்தது. அவள் கணவன் விஸ்வேஸ்வரனை ராதாபுரத்துக்கு சப் ரிஜிஸ்திராராகப் போட்டிருந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவள், கூடவே போய்த் தனிக்குடித்தனம் வைக்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள். மாமியார் அதை ஒரே பேச்சில் இடித்துவிட்டாள்.

"மோட்டார் சைக்கிள் இருக்கறச்சே குடித்தனம் எதுக்கு? சனிக்கிழமை வந்துட்டுத் திங்கட்கிழமை போகட்டும். இவ இங்கயே இருக்கட்டும்."

அம்மா சொன்னால் சொன்னதுதான். விஸ்வேஸ்வரன் தலையை ஆட்டினான். நாற்பது மைல் போக வேண்டிய வண்டியாச்சே, எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் விற்றுவிட்டுப் போன வண்டி அது. நேற்றுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எஞ்சினில் கை வைப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை. பழைய பிஸ்டன் வளையங்கள் மூன்றையும் கழற்றுமுன் பிஸ்டன் தலையில் மூன்று இடத்தில் சுண்ணாம்பால் பொட்டு வைத்தான். பூஜைக்கென்று நினைத்து மாமியார் பிள்ளையின் பக்தியை மெச்சிக்கொண்டாள்.

வளையம் என்றாலும் முழு வட்டம் இல்லை. ஓரிடத்தில் வெட்டுப்பட்டு வாய் திறந்திருக்கும். சூட்டில் விரிய இடம் வேண்டுமென்று, புது வளையங்களின் நுனியை அரத்தால் தேய்த்துத் தேய்த்து அந்த வாயை இன்னும் அகலமாக்கினான். வார்ப்பிரும்பு, கொஞ்சம் அதிகமாக விரித்தால் அப்பளம் மாதிரி ஒடிந்துவிடும். அதனால் பிஸ்டனைச் சுற்றிப் பனையோலை நறுக்குகளைச் சார்த்தி, அதன்மேல் ஒவ்வொரு வளையமாக மெல்ல வழுக்கவிட்டு இறக்கினான்.

ஜயலக்ஷ்மிக்கு இதெல்லாம் புதிசில்லை. அம்பாசமுத்திரத்தில் அப்பாவின் அரிசி மில் எஞ்சினைப் பார்த்தே வளர்ந்தவள். மூன்று வாயும் மூன்று திக்கில் இருக்க வேண்டும். ஒரே நேராக நின்றால் அழுத்தமெல்லாம் அந்த வழியே கசிந்து, எஞ்சின் இழுக்காது. அது அவளுக்குத் தெரியும்.

மாமியார் முன்னால் புருஷனிடம் நேரே பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அதனால் மாமியாரிடமே சொன்னாள்.

"அம்மா, நம்மாத்து வாசல் மாதிரி அந்த வாயெல்லாம் கிழக்க பாத்து இருந்தா விசேஷமில்லையா?"

மாமியாருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று வாயும் கிழக்கே பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு உத்தரவு போட்டாள். வண்டி திரும்பினால் கிழக்கும் கூடவே திரும்பிவிடுமே என்று யாரும் கேட்கவில்லை.

விஸ்வேஸ்வரனும் கேட்கவில்லை. "சரிம்மா" என்று பிஸ்டன் தலையைக் கட்டைவிரலால் துடைத்தான். மூன்று வளையங்களையும் கிழக்கே திருப்பி எஞ்சினைப் பூட்டினான். படித்த மனுஷன் இவ்வளவு அப்பாவியா என்று ஜயலக்ஷ்மிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வண்டி புகையும் சத்தமுமாகக் கிளம்பியது, தெருவே வேடிக்கை பார்த்தது. வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜயலக்ஷ்மி வாசலிலேயே நின்றாள். வெயில் ஏறும் நேரத்துக்கு விஸ்வேஸ்வரன் திரும்பி வந்தான். வண்டிக்கார அப்பாத்துரையின் மாட்டு வண்டிக்குப் பின்னால், மோட்டார் சைக்கிளைக் கயிற்றில் கட்டிக்கொண்டு.

"ஆத்துப் பாலந் தாண்டி மேடு ஏற மாட்டேங்கும்மா" என்றான் அப்பாத்துரை. "சாமியும் நானும் தள்ளிப் பாத்தோம். பெறவு மாட்டுலதான் கட்டுனேன்."

மாமியார் வண்டியைப் பார்த்தாள், வியர்த்து நின்ற பிள்ளையைப் பார்த்தாள். "இதை நம்பிப் பிள்ளையை வாராவாரம் அனுப்பறதாவது. ராதாபுரத்துல ஒரு வீடு பாத்துக்கோ. ஜயாவையும் அழைச்சுண்டு போ, வேளைக்குச் சாப்பாடாவது கிடைக்கும்."

சாயங்காலம் மாமியார் நெல்லையப்பர் கோவிலுக்குப் போனாள். ராதாபுரத்துக்கென்று பாத்திரம் எடுத்து வைத்த ஜயலக்ஷ்மிக்குச் சந்தோஷத்தில் கை ஓடவில்லை. ஆனால் மூலையில் சாய்ந்து கிடந்த வண்டியைப் பார்த்ததும் மனசு உறுத்தியது. ஆசையாக வாங்கியவன் முகத்தில் இனி எப்படி முழிப்பது?

கணவனிடம் போய் அப்பாவின் மில், மூன்று திக்கு, கிழக்கு வாசல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். கோபமா என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

விஸ்வேஸ்வரன் கட்டைவிரலை நீட்டினான். தேய்த்துக் குளித்தும் போகாத எண்ணெய்க் கறைக்கு நடுவே, நக இடுக்கில் வெள்ளையாகக் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"மூணு திக்குலயும் வச்சிருந்த பொட்டை அழிச்சது யாராம்?"