ஊதாக் கட்டியின் ஊர்வலம்

ஒரு பழைய சாயப்பட்டறையை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, அடியில் கிடந்த மண்ணையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சாயத்தில் ஊறிய மண்ணைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே ஓர் ஊதாக் கட்டி மினுமினுத்தது. வெளியே, சாயம் எட்டாத இடத்தில், ஒரு செம்மண் கட்டி கிடந்தது.

"பார்த்தியா தம்பி, எனக்கு முன்னால எல்லாரும் வாய் பொத்தி நிக்கிறாங்க" என்றது ஊதா.

செம்மண் எண்ணிப் பார்த்தது. ஏழு பேர். ஏழு பேரும் மூக்கையும் சேர்த்தே மூடியிருந்தார்கள்.

"உறை மாட்டாம ஒரு கை என் மேல படாது. வெயில் படாம லாரிக்குத் தார்ப்பாய். போய் இறங்க, மழையே நுழையாத தனி மாளிகை."

செம்மண்ணுக்குத் தலை கிறுகிறுத்தது. அதன் மேல் ஆடு ஏறியிருக்கிறது, எறும்பு ஏறியிருக்கிறது. வாய் பொத்தியவர் யாருமில்லை.

"அண்ணே, நானும் வரேன்."

இயந்திரம் தரையை அதிரவைத்த சாக்கில் அது உருண்டது. கயிற்றுக்கு ஒரு சாண் இருக்கும்போது ஒரு செருப்புக்கால் மறித்தது. மண்ணைச் சோதித்துக் கயிறு கட்டிய பெண், வேலை முடிந்து, கைகழுவி நின்றிருந்தாள்.

"நீ எங்க அங்க போற? நல்ல மண்ணாச்சே நீ" என்று அதை எடுத்து மோந்து பார்த்தாள். பக்கத்தில் நட்டிருந்த பூவரசங்கன்றின் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

லாரி கிளம்பியது. தார்ப்பாய் இடுக்கு வழியே ஊதா எட்டிப் பார்த்தது.

"என்னடா தம்பி, வெறுங்கையாலயா தொட்டாங்க?"

"ஆமாண்ணே" என்றது செம்மண், அவமானம் தாங்காமல். "மோந்து வேற பார்த்துட்டாங்க."